‘நிர்வாகம் பொறுப்பல்ல’

தமிழ்நாட்டில் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் நான்கு போர்டுகள் கண்ணில் படும். வண்டி நிறுத்தும் இடத்தில் ‘வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’. பில் போடும் மேசைக்குப் பின்னால் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’. பெயர்ப் பலகைக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’. கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ‘கடன் அன்பை முறிக்கும்’.

எழுதி மாட்டியவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ இந்த நான்கும் சட்டம் பேசுகின்றன. முதலிரண்டும் அடுத்தவருக்கு நேரும் தீங்குக்கும் நஷ்டத்துக்கும் யார் ஈடு கொடுப்பது என்ற கேள்வி. மூன்றாவது அறிவுசார் சொத்து. நான்காவதைக் கொஞ்சம் நீட்டினால் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் போய் நிற்கும். ஆனால் நான்கில் ஒன்றுகூட, மாட்டியவர் நம்பும் அளவுக்கு அவரைக் காப்பாற்றுவதில்லை. ஒரு வழக்கு என்று வந்துவிட்டால் நீதிமன்றம் கேட்பது வேறு: பில் எங்கே, கடிதம் எங்கே, எந்தத் தேதியில் நடந்தது?

1998 ஆகஸ்ட் 1. டெல்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் வந்தார். சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நள்ளிரவுக்குப் பிறகு திரும்பி வந்து கேட்டபோது, காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். ஓட்டல் கொடுத்த சீட்டில் வண்டி உரிமையாளரின் பொறுப்பில்தான் நிறுத்தப்படுகிறது என்று அச்சிட்டிருந்தது. நம் ஊர் போர்டு சொல்வதும் இதைத்தான். காப்பீட்டு நிறுவனம் கார்க்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவரையும் சேர்த்துக்கொண்டு ஓட்டல் மேல் வழக்குப் போட்டது. 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சாவியைக் கைநீட்டி வாங்கிய நிமிடத்திலிருந்து கார் ஓட்டலின் காவலில் இருக்கிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டோம் என்று காட்ட வேண்டியது ஓட்டலின் வேலை. சீட்டில் ஒரு வரி அச்சடித்துவிட்டுத் தன் கவனக்குறைவிலிருந்து நழுவ முடியாது. 2,80,000 ரூபாயும் வட்டியும் கொடுக்கும்படி ஆயிற்று.

சட்டக் கணக்கில் இது ஒப்படைப்பு. கோயில் வாசலில் டோக்கன் கொடுத்துச் செருப்பை வாங்கி அடுக்குவதும் இதே இனம்தான், தொகைதான் வேறு. சாவியை யாரும் வாங்கவில்லை, வாடிக்கையாளர் தாமாகவே தெரு ஓரம் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போனார் என்றால் கதை மாறும். ஆகவே போர்டு இருக்கிறதா என்பதைவிட, பொருள் யார் கையில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

ஒப்பந்தமோ டோக்கனோ இல்லாத இடத்திலும் பொறுப்பு வரும். அதற்கான சட்டத்தைத் தமிழில் தீங்கியல் என்கிறார்கள், வக்கீல்கள் ‘டார்ட்’ என்பார்கள். இந்தியாவில் இதற்கென்று முழுமையான ஒரே சட்டப் புத்தகம் கிடையாது. பெரும்பகுதி தீர்ப்புகளாலேயே வளர்ந்தது. அதன் பிரபலமான கதை ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில், 1928இல் ஒரு சிற்றுண்டிக் கடையில் நடந்தது. தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பானத்தைக் குடித்த டானஹியூ என்ற பெண், மிச்சத்தை ஊற்றும்போது பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாகச் சொன்னார். பாட்டில் இருண்ட கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. காசு கொடுத்தவர் தோழி. டானஹியூவுக்கும் பானம் தயாரித்தவருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அதனாலென்ன, தன் செயலால் யாருக்குத் தீங்கு நேரலாம் என்று ஒருவர் முன்கூட்டியே ஊகிக்க முடியுமோ அவர்களெல்லாம் அவருடைய அண்டை அயலார், அவர்கள் விஷயத்தில் கவனமாக இருக்கும் கடமை உண்டு என்று 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். மயிரிழையில் பிறந்த விதிதான் இன்று பல நாடுகளில் ஆள்கிறது.

அதன் சாரத்தை ஒரு டீக்கடைக்காரருக்கே சொல்லிவிடலாம். கவனமாக இருக்கும் கடமை இருந்ததா, அதை மீறினாரா, மீறியதால் தீங்கு வந்ததா? மூன்றும் ஆம் என்றால் நஷ்டஈடு. துடைத்துவிட்டு ஈரமாக விட்ட கிரானைட் தரை, மூடாத சாக்கடைக் குழி, பிய்ந்து தொங்கும் ஒயர், எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வேலைக்காரர் செய்த தவறும் முதலாளி தலையில்தான் விழும், வேலையின் போக்கில் செய்திருந்தால். சரக்கு இறக்கப்போன டெம்போ டிரைவர் வழியில் ஒருவரை இடித்தால் முதலாளியும் பதில் சொல்ல வேண்டும். ‘நான் ஊரிலேயே இல்லை’ என்பது பதிலாகாது.

இதெல்லாம் கவனக்குறைவு இருந்தால். கவனமாக இருந்தாலும் பொறுப்பு வரும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுத் தொழில்கள் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டன.

போபால் விஷவாயு பரவியது 1984 டிசம்பரில். சரியாக ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று, டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. பழைய ஆங்கிலேய விதி ஒன்று இருந்தது: ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது வெளியேறித் தீங்கு செய்தால் பொறுப்பு. ஆனால் அதில் தப்பிக்க ஐந்தாறு சந்துகள் இருந்தன: கடவுள் செயல், மூன்றாம் ஆள் செய்த சதி என்று. 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு அந்தச் சந்துகளை அடைத்தது. அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு விதிவிலக்கே இல்லாத முழுப் பொறுப்பு. அதோடு நிற்கவில்லை, நிறுவனம் எவ்வளவு பெரியதோ ஈட்டுத்தொகையும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்றது.

அடுத்த கட்டம் பாலாற்றங்கரை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்திலும் ஆற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாகச் சொன்ன ஆய்வு அதன் முன் இருந்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை கொடுக்கிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதற்காக ஊர்த் தண்ணீரைக் கெடுக்கும் உரிமை கிடையாது என்றது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும், நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவருடையதே என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தில் வேர்விட்ட தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. வேடிக்கையல்ல, வேதனை: அதே பாலாறு, அதே தோல் கழிவு, அதே ஈட்டுத்தொகைப் பேச்சு 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்தது.

திருப்பூரில் விலை வேறு விதமாகக் கேட்கப்பட்டது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதை எதிர்த்து ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் பட்டறைக்காரர்களின் வாதத்தை ஏற்கவில்லை. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. சாயம் போட முடியாமல் பனியன் கம்பெனிகள் துணியை வெளியூர்களுக்கு அனுப்பின. சுத்திகரிப்புக்குச் செலவு அதிகம் என்று ஒத்திப்போட்டவர்களுக்கு மூடிக் கிடந்த மாதங்களின் செலவு அதைவிடக் குறைவாக இருந்திருக்காது.

இரண்டாவது போர்டுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்க மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்கு. பழுதில்லாத சேலையை ‘கலர் பிடிக்கவில்லை’ என்று திருப்புவது வேறு, அங்கே கடைக்காரரின் போர்டுக்கு மரியாதை உண்டு. பழுதான மிக்ஸிக்கு இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையம் 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் தாமே வாதாடலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 1915 என்ற எண்ணில் முதலில் பேசிப் பார்ப்பதும் உண்டு, பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். இதே சட்டத்தில் பொருள்சார் பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. குறையுள்ள பொருளால் உடம்புக்கோ சொத்துக்கோ தீங்கு வந்தால் தயாரித்தவர், விற்றவர் இருவரையும் கேட்கலாம். நத்தை வழக்கின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ‘வேறு கிளைகள் கிடையாது’. இந்தப் போர்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனக்குமுறல் இருக்கும். பக்கத்துத் தெருவில் யாரோ அதே பெயரில் கடை போட்டிருப்பார்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் திறந்து, சரக்குத் தீர்ந்ததும் மூடிவிடும் அந்த அல்வாக் கடைக்கு உரிமையாளர் பெயர் வைக்கவில்லை, ஊர்தான் வைத்தது. சிறு விளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் இருட்டுக்கடை. 1900 வாக்கில் தொடங்கிய கடை. பின்னாளில் இன்னொருவர் ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அவருடைய வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது: என்னிடமும் வணிகக் குறிப் பதிவு இருக்கிறது, பதிவு பெற்ற ஒருவர் பதிவு பெற்ற இன்னொருவர் மேல் எப்படி வழக்குப் போட முடியும்?

2015 மார்ச்சில் வந்த தீர்ப்பு வணிகக் குறிச் சட்டம் படிக்கும் எல்லோரும் இன்று புரட்டும் ஒன்று. பதிவை மீறியதாக இருவரும் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட முடியாது, சரி. ஆனால் தன் சரக்கை அடுத்தவர் சரக்கு போலக் காட்டி விற்பது என்ற தனிக் குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. அது பதிவையே நம்பி நிற்கவில்லை. மூன்று விஷயம் காட்டினால் போதும்: அந்தப் பெயருக்கு மக்களிடம் நற்பெயர் இருந்தது, எதிராளி மக்களைக் குழப்பினார், அதனால் நஷ்டம் வந்தது அல்லது வரும். முன்பே பயன்படுத்தியவரின் உரிமை, பின்னால் வந்து பதிவு வாங்கியவரின் உரிமையைவிட மேல். முன்னால் ஓர் ஊர்ப் பெயரை ஒட்டவைத்தால் பெயர் புதிதாகிவிடாது. அல்வாக் கடை ஜெயித்தது.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் பதிவே வேண்டாமே’ என்று முடிவுகட்டினால் ஆபத்து. நூறு வருஷப் புகழை நிரூபிக்கும் வசதி இருட்டுக்கடைக்கு இருந்தது. மூன்று வருஷமாக மசாலாப்பொடி விற்பவருக்கு இருக்காது. பதிவு இருந்தால் அந்தக் குறி தனதே என்ற அனுமானம் ஆரம்பத்திலேயே கிடைத்துவிடும். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பொருள்களும் சேவைகளுமாக மொத்தம் 45 வகைகள். இனிப்பும் மசாலாவும் 30ஆம் வகையில் வரும். கிடைத்த பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். விண்ணப்பிப்பதற்கு முன் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பதிவகத்தின் தளத்தில் தேடிப் பார்க்கக் காசு எதுவும் கேட்பதில்லை. பெயர்ப் பலகைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு தேடுகிறவர்களே அதிகம். பதிவு கைக்கு வராமல் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போடுவதும் சட்டப்படி தவறு.

எல்லாப் பெயரும் பதிவாகாது, பதிவானாலும் எல்லாம் தாக்குப்பிடிக்காது. ஐடிசி 2010இல் யிப்பி நூடுல்ஸை ‘மேஜிக் மசாலா’ என்ற பெயரில் விற்றது. 2013இல் நெஸ்லே தன் மேகியில் ‘மேஜிக்கல் மசாலா’ கொண்டுவந்தது. ஐடிசி சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2020 ஜூனில் வழக்கு தள்ளுபடி. மேஜிக் என்பது புகழ்ச்சிச் சொல், மசாலா என்பது எல்லோர் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருப்பது, இரண்டையும் ஒட்டி ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது. ‘சூப்பர்’, ‘ஸ்பெஷல்’, ‘சுவை’ என்று பெயர் வைக்கும் சின்னக் கடைகளுக்கு இது பெரிய கம்பெனிகள் தம் காசில் நடத்திக் காட்டிய பாடம். பொருளின் குணத்தைச் சொல்லும் பெயர் விற்க எளிது, காக்கக் கடினம்.

ஊருக்கே சொந்தமான பெயர் வேறு ரகம். மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், திண்டுக்கல் பூட்டு போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. அதற்கான பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். இந்தப் பெயரைத் தனியொருவர் பூட்டிவைக்க முடியாது, வரையறுத்த இடத்துக்கு வெளியே செய்ததை அந்தப் பெயரில் விற்கவும் முடியாது.

காப்புரிமை பற்றிச் சுருக்கமாக ஒன்றே ஒன்று. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் முதலில் விண்ணப்பிக்க வேண்டும், பிறகுதான் கண்காட்சியில் வைப்பதும் வாட்ஸப்பில் வீடியோ போடுவதும். முன்பே ஊருக்குக் காட்டிவிட்டால் அது புதியது என்ற தகுதியே போய்விடலாம். வழக்கு எப்படி இழுக்கும் என்பதற்கு பஜாஜும் டிவிஎஸ்ஸும் சாட்சி. இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சின் யாருடையது என்ற சண்டையில் 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் டிவிஎஸ் ஃபிளேம் பைக்குக்குத் தடை விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளை நாள்தோறும் விசாரித்து வழக்கமாக நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் அறிவுரை சொன்னது. அந்த அறிவுரை பிறந்த வழக்கே 2019இல்தான், அதுவும் சமரசத்தில், முடிந்தது.

ஓட்டல்காரர்களின் நிரந்தரக் கவலை மாஸ்டர். பிரியாணிப் பக்குவம் தெரிந்த மாஸ்டர் விலகிப்போய் எதிர்ச்சாரியில் கடை போட்டால் என்ன செய்வது? வேலையை விட்ட பிறகு இதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கினாலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும். ஒருவர் பிழைப்பை இன்னொருவர் பூட்ட முடியாது. ஆனால் ரகசியமாக வைத்திருந்த அளவுக் குறிப்பையோ வாடிக்கையாளர் பட்டியலையோ எடுத்துப்போய்ப் பயன்படுத்தினால் தடுக்கலாம். அது ரகசியமாகத்தான் வைக்கப்பட்டிருந்தது என்று காட்ட வேண்டும். சமையல்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது ரகசியம் ஆகாது.

நான்காவது போர்டுக்கு வருவோம். அன்பு முறிந்த பிறகு கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு செக்.

செக் திரும்புவது முதலில் வெறும் கடன் தகராறாகத்தான் இருந்தது. 1989 ஏப்ரல் 1 முதல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு அதைக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையில் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் நோக்கம் பணத்தை மீட்பதுதான். 2021இல் உச்ச நீதிமன்றம் இந்த நடவடிக்கையைக் குற்றவியல் ஓநாயின் தோலைப் போர்த்திக்கொண்ட சிவில் ஆடு என்று வர்ணித்தது. நமக்குப் பழக்கமான பழமொழியைத் திருப்பிப் போட்டால் புலித்தோல் போர்த்திய பசு. பசுதான், ஆனால் நாள் தவறினால் பால் கொடுக்காது.

அந்த நாள் கணக்கு இது. செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று வங்கி சொன்ன தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழி இருக்கிறது. நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி இல்லை. ‘அண்ணே, அடுத்த வாரம் கண்டிப்பா’ என்ற போன் பேச்சிலேயே அந்த 30 நாளைக் கரைத்தவர்கள் ஏராளம். வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்காலமாகக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று 2018இல் திருத்தமும் வந்தது. நாள் தவறினால் கடனே போய்விட்டது என்று அர்த்தமல்ல. சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு உண்டு.

எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் ஒரு செய்தி. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக்குக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடனுக்காகக் கொடுக்கவில்லை என்று காட்டும் சுமை கையெழுத்துப் போட்டவருடையது. தொழில் கணவருடையது, வங்கிக் கணக்கு மனைவி பெயரில், செக் புத்தகத்தில் மொத்தமாகக் கையெழுத்து என்பது பல குடும்பங்களில் சகஜம். சம்மன் வரும்போது அதில் இருப்பது அந்த அம்மாவின் பெயர். கம்பெனி என்றால் கொஞ்சம் வித்தியாசம்: டைரக்டர் என்று பெயரளவில் இருந்தால் மட்டும் குற்றவாளி ஆகிவிட மாட்டார், அன்றாட நிர்வாகப் பொறுப்பு இருந்ததைப் புகார் சொல்ல வேண்டும். செக்கில் கையெழுத்திட்டவருக்கும் நிர்வாக இயக்குநருக்கும் அந்த நிழல் கிடையாது.

செக் இல்லாத பாக்கிக்குப் பலர் நேராகப் போலீஸ் நிலையம் போகிறார்கள். ஸ்டேஷனில் கூப்பிட்டு மிரட்டினால் பணம் வரும் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. சரக்கு வாங்கிவிட்டுப் பணம் தராதது மட்டுமே மோசடி அல்ல. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பழைய 420தான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) ஆகியிருக்கிறது. ஏழு ஆண்டு வரை சிறை. எண் மாறியது, இந்த நிபந்தனை மாறவில்லை. விமான எரிபொருள் பாக்கிக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் என்இபிசி மேல் தொடுத்த வழக்கில், 2006இல், சிவில் தகராறுகளுக்குக் கிரிமினல் வேஷம் போடுவதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் அதே வழக்கில் புகாரை முழுதாகத் தூக்கி எறியவும் இல்லை. கடனுக்கு ஈடாகக் காட்டிய விமானங்களிலிருந்து எஞ்சின்களைக் கழற்றிவிட்டதாகக் குற்றச்சாட்டு இருந்ததால் ஒரு பகுதி விசாரணைக்குப் போயிற்று. வெறும் பாக்கிக்கும் மோசடிக்கும் நடுவில் உள்ள கோடு இந்த எஞ்சின்களில் தெரிகிறது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் கவிழ்ந்தபோது வழக்குகள் நட்டக் கணக்கோடு நிற்காமல் மோசடி என்றும், முதலீட்டாளர்களைக் காக்கும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழும் போனதும் இதே கோட்டைத் தாண்டியதால்தான்.

முதலாளிகளில் பலருக்குத் தெரியாத ஒரு விளக்கம் நம்பிக்கை மோசடிப் பிரிவில் இருக்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் பிஎஃப், இஎஸ்ஐ பங்கைப் பிடித்துவிட்டு அரசுக் கணக்கில் கட்டாமல் வைத்திருந்தால், அது அவரிடம் ஒப்படைத்த பணத்தைக் கையாடியதாகவே கொள்ளப்படும். ‘இந்த மாதம் பணம் டைட், அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம்’ என்று ஆடிட்டரிடம் சொல்லும் வார்த்தைக்குச் சட்டத்தில் இப்படி ஒரு பெயர்.

பாக்கி வசூலுக்குப் போலீஸைவிடப் பொருத்தமான கதவு சிறு உற்பத்தியாளருக்கும் சேவைத் தொழில் செய்பவருக்கும் 2006 முதல் திறந்திருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற சிறுதொழிலுக்கு, வாங்கியவர் எழுதிக்கொண்ட கெடு எதுவானாலும், அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று மாநிலத்தில் வசதியாக்க மன்றம் இருக்கிறது, இணையத்திலேயே மனுப் போடலாம். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு 15100 என்ற சட்ட உதவி எண். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினரும் வருமானக் கணக்கே இல்லாமல் இலவச வக்கீல் கேட்கலாம். செக் வழக்குகளை லோக் அதாலத்தில் பேசி முடிப்பதும் உண்டு. அங்கே எழுதிய சமரசத்துக்கு மேல்முறையீடு கிடையாது, ஆகவே கையெழுத்துப் போடும் முன் தொகையையும் தவணைத் தேதியையும் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

போர்டுகளைப் பற்றியே இவ்வளவு பேசிய பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கடை வாசலில் தொங்கும் அந்தப் போர்டு, அதிலுள்ள எழுத்து வடிவம், லோகோ, இவை யாருடையவை? காசு கொடுத்தவருடையவை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வதில்லை. சம்பளத்துக்கு வைத்த ஊழியர் வேலையின் போக்கில் வரைந்தால் முதலாளிக்குச் சொந்தம். கூலி பேசி வெளியாள் எடுத்துத் தந்த புகைப்படம், தீட்டித் தந்த ஓவியம் போன்ற சிலவற்றுக்கும் செய்யச் சொன்னவரே உரிமையாளர். ஆனால் கம்ப்யூட்டரில் லோகோ வடிவமைத்துத் தந்த வெளியாளிடம் எழுத்தில் எதுவும் வாங்காவிட்டால், பதிப்புரிமை அவரிடமே தங்கிவிட வாய்ப்பு அதிகம். லோகோவும் ஓவியம்தானே என்று வாதாடலாம், அதற்கும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

உரிமையை மாற்றித் தரும் கடிதம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான் செல்லும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். எனவே டிசைனருக்கு ஜிபேயில் பணம் அனுப்பும் அன்றே அரைப் பக்கக் கடிதம் ஒன்று போதும்: எந்த லோகோ, எவ்வளவு தொகை, பதிப்புரிமை முழுவதும், அதன் முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும் இன்னாருக்கு மாற்றித் தரப்படுகிறது, கீழே தேதியும் கையெழுத்தும்.